மத்தவங்க எல்லாம் தையல் ரூமுக்கு

எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு போன வருஷம் ஒரு வாரம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. காலை வணக்கம், பூங்கொத்து, பிள்ளைகளின் பிறந்தநாள் கேக் என்று ஒரு நாளைக்கு அறுபது செய்தி வருகிற குழு அது. யாரோ ஒருத்தி எங்கிருந்தோ வந்த ஒரு ஃபார்வர்டைத் தூக்கிப் போட்டுவிட்டாள். கான்வென்ட் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை மதம் மாற்றுகிறார்கள், பெற்றோரே உஷார் என்கிற ரகம். ஒருத்தி கொதித்துப்போய்ப் பதில் எழுத, இன்னொருத்தி "உண்மையச் சொன்னா ஏன் சுடுது" என்று கேட்க, இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு தோழி என் பெயரைப் போட்டுக் கேட்டாள்: "நீ சொல்லு. நீ இந்து. ஆறாம் வகுப்புலேருந்து பிளஸ் டூ வரைக்கும் அங்கதான் இருந்தே. உன்ன யாராவது மாத்தப் பாத்தாங்களா?"

"இல்லை" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்த பிறகும் மனசு சமாதானப்படவில்லை. ஏழு வருஷப் பள்ளிக்கூடத்தை ஒரு வார்த்தையில் சாட்சி சொல்லி முடித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வாரமே ஒரு போன் வந்தது. அதிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இந்தப் பதிவு.

தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் பின்னணி சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா, அன்றைக்கு ஊருக்கே விடுமுறை. என் அப்பா உப்புக் கம்பெனியில் கணக்கெழுதினார். அம்மா வெள்ளிக்கிழமை சிவன் கோவில், ஆகஸ்டில் மாதா கோவில் என்று இரண்டிலும் மெழுகுவர்த்தி, கற்பூரம் பாகுபாடு பார்க்காத ஆள். "சிஸ்டர்மாருட்ட விட்டா பிள்ளை நிமிந்து நிக்கும்" என்பது அவர் கொள்கை. 1993இல் என்னை ஆறாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கன்னியர் நடத்துகிற பெண்கள் பள்ளி, அரசு உதவி பெறுவது, தமிழ் மீடியம். பெயர் வேண்டாம். ஊரில் அப்படிப்பட்ட பள்ளிகள் பல உண்டு. எதுவென்று யூகிக்கிறவர்கள் யூகிக்கட்டும்.

இரண்டாவது மணி

அசெம்பிளியில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்போம். மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் வரிசை. சிலுவை அடையாளம் போடுகிறவர்கள் போடுவார்கள், மற்றவர்கள் கை கட்டிக்கொண்டிருப்போம். பகல் பன்னிரண்டு மணிக்கு மூவேளை செபத்துக்கு மணி அடித்தால் எந்த வகுப்பானாலும் பாடம் நின்றுவிடும். கணக்கு டீச்சர் கையில் சாக்பீஸோடு கண்ணை மூடுவார். கேட்டுக் கேட்டே 'அருள் நிறைந்த மரியே' எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் பல் பிடுங்கும்போது அதுதான் முதலில் வாயில் வருகிறது, கந்தசஷ்டி கவசம் பிறகுதான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "வந்தது எதுவோ அது வரட்டும், பல்லு போச்சுல்ல" என்றார்.

நாங்கள் பிரிகிற நேரம் வேறு. கால அட்டவணையில் திங்கள், வியாழன் முதல் பீரியடுக்கு நேரே 'மறை/நன்' என்று எழுதியிருக்கும். மறைக்கல்வி, நன்னெறி. வருகைப் பதிவு எடுத்து முடித்ததும் இரண்டாவது மணி அடிக்கும். வகுப்பு டீச்சர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "கத்தோலிக்கப் பிள்ளைங்க இருங்க. மத்தவங்க எல்லாம் தையல் ரூமுக்கு." ஐம்பத்து நாலு பேரில் முப்பத்தொரு பேர் எழுந்திருப்போம். எண்ணிக்கையில் நாங்கள்தான் அதிகம். ஆனாலும் எங்கள் பெயர் 'மத்தவங்க'. இந்துப் பிள்ளைகள், மூன்று முஸ்லிம் பிள்ளைகள், அப்புறம் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைப் பிள்ளைகள் இரண்டு பேர். எங்களில் ரோஷம் அந்த இரண்டு பேருக்குத்தான். "நாங்களும் வேதக்காரங்கதான, எங்கள எதுக்கு அனுப்புறாங்க?" என்று வராண்டா முழுக்கப் புலம்பிக்கொண்டே வருவார்கள்.

மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டுவது எங்கள் கடற்கரைக்குப் புதிதல்ல. 1542இல் மறைபரப்ப வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது கைமணியை ஆட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்ய வைத்ததை அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த அண்டிரிக் (ஹென்றிக் ஹென்றிக்கஸ்) அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சடித்த 'தம்பிரான் வணக்கம்', இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், அதுவும் பதினாறு பக்க மறைக்கல்விப் பாடம்தான். அடிகளாரை அடக்கம் செய்ததும் எங்கள் ஊரில்தான். ஆகவே, மணி எங்கள் ஊர் வழக்கம். அந்த மணியைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து வெளியே போவதுதான் பிற்பாடு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்பது டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, 3ஆவது உட்பிரிவு: அரசு அங்கீகாரமோ நிதி உதவியோ பெறுகிற பள்ளியில், சம்மதம் இல்லாமல் யாரையும் மதபோதனையில் உட்காரவைக்கக் கூடாது, பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அட, நம்ம தையல் ரூம் சட்டத்திலேயே இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். முதல்முறை படித்ததும் புரிந்த ஒரே பிரிவு அதுதான்.

அந்த உட்பிரிவு என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டது. காப்பாற்றியும் இருக்கிறது. உள்ளேயே இருந்த இருபத்து மூன்று பேரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது, அவர்கள் வீட்டில்தான் சம்மதம் உண்டே. இது போன வருஷம்வரை எனக்கு உறைக்கவில்லை.

நூல் கொண்டாந்திருக்கியா?

தையல் ரூம் பள்ளியின் பின்பக்கம், கிணற்றை ஒட்டி இருந்தது. ஆறு மிதி மெஷின்கள். அதில் இரண்டு ஓடாது. எண்ணெய், கஞ்சி போட்ட காடாத்துணி, ஈரச் சுவர் எல்லாம் கலந்த ஒரு வாசனை. நன்னெறி எடுத்தது தையல் சிஸ்டர்தான். எங்களுக்கு அவர் 'நன்னெறி சிஸ்டர்', பத்தாம் வகுப்புக்காரிகளுக்குத் 'தையல் சிஸ்டர்'. ஐம்பது வயதைத் தாண்டியவர், குட்டையான உருவம். வலது முழங்கையில் அங்கிக்கு அதே வெள்ளைத் துணியில் ஒட்டுப் போட்டிருப்பார். அது ஒட்டு என்று தெரிய மிகப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவு சுத்தமான வேலை. பாடப்புத்தகம் பேருக்கு மேஜைமேல் கிடக்கும். அவர் கதை சொல்வார், நாங்கள் தைத்துக்கொண்டே கேட்போம். நான் எட்டாம் வகுப்புக்கு வந்த வருஷம், 1995, தமியான் அடிகளாருக்கு பிரஸ்ஸல்ஸில் அருளாளர் பட்டம் கொடுத்திருந்தார்கள். மொலோக்காய்த் தீவுக்கு 1873இல் போய், தொழுநோயாளிகளோடு இருந்து, தனக்கும் அந்த நோய் வந்து 1889இல் செத்துப்போன பாதிரியார். அவர் கதையை மூன்று வாரம் இழுத்தார் சிஸ்டர். ஆக, எங்கள் நன்னெறியில் மதமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கதை முடிந்ததும் "சரி, காஜாவக் காட்டு" என்பார். கதையை எப்படிக் கேட்டோம் என்று ஒரு நாளும் சோதித்ததில்லை. காஜாவைச் சோதிப்பார்.

காஜா தைத்தவர்களுக்குத் தெரியும். துணியில் பொத்தான் அளவுக்குக் கீறிவிட்டு, கீறின விளிம்பு பிரியாமல் முடிச்சு முடிச்சாக நெருக்கித் தைத்துக்கொண்டே போக வேண்டும். முடிச்சுகள் பல்வரிசை மாதிரி ஒட்டி நிற்க வேண்டும். மூலை திரும்பும் இடத்தில்தான் எல்லோருக்கும் சொதப்பும். ஒரு நூல் பிசிறு தெரிந்தாலும் சிஸ்டர் கத்தரிக்கோலின் நுனியை உள்ளே விட்டுப் பிரித்துவிடுவார். திட்டமாட்டார். பிரித்த துணியை நம் மடியில் வைத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். திட்டினாலே தேவலை என்றிருக்கும்.

எட்டாம் வகுப்பு, ஜூலை மாதம், ஒரு திங்கள்கிழமை. கதை ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வாசலில் என் பக்கத்து பெஞ்சுக்காரி நின்றாள். கடற்கரைத் தெருப் பெண், கத்தோலிக்கப் பிள்ளை, என் சோற்று டப்பாவில் மாசிக்கருவாட்டுச் சம்பலை அள்ளி வைத்து எனக்கு அந்த ருசியைப் பழக்கியவள். கையில் பிரவுன் அட்டை போட்ட மறைக்கல்விப் புத்தகம். முகம் என்னவோ போல இருந்தது. நாங்கள் முப்பத்தொரு பேரும் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். ஏன் வந்தாய், யார் அனுப்பினார்கள், அங்கே கிளாஸ் நடக்கவில்லையா, ஒன்றும் கேட்கவில்லை.

"நூல் கொண்டாந்திருக்கியா?"

"இல்ல சிஸ்டர்."

"அவகிட்ட வாங்கிக்க." என்னைக் கை காட்டினார். பிறகு தமியானை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஊசியில் நூலைக் கோத்துக் கொடுத்தேன். வியாழக்கிழமையும் வந்தாள். அடுத்த திங்களும் வந்தாள். மார்ச் மாதம் வரைக்கும் வந்தாள். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். "எங்க கட்சிக்கு வந்துட்டா" என்று சொல்லிச் சிரித்தோம். மறைக்கல்வியில் கேள்வி பதில் மனப்பாடம் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் நிற்க வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டு ஓடிவந்துவிட்டாள் என்பது என் முடிவு. எங்கள் வகுப்பு அவ்வளவு ஜாலி, அந்தப் பக்கத்துப் பிள்ளையே இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று வீட்டில்கூடப் பீற்றியிருக்கிறேன். சிஸ்டரைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தேன்: பாவம், வயசாகிவிட்டது, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்றே தெரியாது.

இந்த மூன்றையும் இருபத்தெட்டு வருஷத்துக்கும் மேலாக அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

போன்

குழு பேச்சில்லாமல் கிடந்த அந்த வாரம் போன் செய்தது அவள்தான். நலம் விசாரிக்கிற வேலையெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில், "ஏட்டி, குழுவுல நீ இல்லன்னு எழுதுன பாரு" என்றாள். சண்டைக்கு வருகிறாளோ என்று நினைத்தேன். "உன்ன யாரும் ஒண்ணும் கேக்கல, அது நெசந்தான். என்னயத்தான் கேட்டாங்க."

அவளுடைய அப்பா இந்து. கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது, மாதா கோவிலில் நடக்கவில்லை. அம்மா பூசைக்குப் போவார். நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற அப்பம், வாங்க வரிசை எழும்பும்போது தூணோரத்திலேயே நின்றுவிடுவார். இது தெருவுக்குத் தெரியும், தெருவில் யாரும் பெரிதாகப் பேசியதில்லை. மறைக்கல்வி எடுத்த சிஸ்டர் அந்த ஜூன் மாதம்தான் வேறு ஊரிலிருந்து மாறுதலில் வந்தவர். திங்கள்கிழமையானால் முதல் வேலை, "நேத்து பூசைக்குப் போகாதவங்க எழுந்திரு." அடுத்து, "வீட்ல எல்லாரும் நன்மை வாங்குனீங்களா? வாங்காதவங்க கை தூக்கு." இவள் முதல் வாரம் உண்மையைச் சொல்லிக் கையைத் தூக்கினாள். ஏன் என்று கேள்வி வந்தது. இரண்டாம் வாரமும் தூக்கினாள். மூன்றாம் வாரம் உறுதிபூசுதல் என்கிற திருச்சடங்குக்குப் பெயர் எழுதினார்கள். "உங்க அம்மா அப்பாவ மொதல்ல கோவில்ல வச்சுச் சரிபண்ணச் சொல்லு" என்று இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் அவளுக்குச் சொல்லப்பட்டது. பெற்றோர் கல்யாணம் எப்படி இருந்தாலும் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைக்கு அதில் தடை ஒன்றும் கிடையாது என்று பின்னால் ஒரு பாதிரியார் அவளிடம் சொல்லியிருக்கிறார். அது காலேஜ் முடித்த பிறகு. பதின்மூன்று வயதில், அடுத்த திங்கள் பாதி வகுப்பில் பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்குக் கால் போன இடம் தையல் ரூம்.

நான் வெளியே அனுப்பப்பட்டவள், அவள் உள்ளே இருக்கவேண்டியவள் என்றுதான் எப்போதும் நினைத்து வந்தேன். 'மத்தவங்க' என்ற சொல்மேல் எனக்கு ஒரு சின்னக் கசப்புகூட உண்டு. அந்தச் சொல்லுக்குள் நான் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறேன் என்று அவள் பேசப் பேசத் தெரிந்தது. என் அம்மா எந்தக் கோவிலுக்குப் போனார், அப்பாவுக்கும் அவருக்கும் எங்கே கல்யாணம் ஆனது என்று ஏழு வருஷத்தில் ஒரு சிஸ்டரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. அவளிடம் கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது, அல்லது இருப்பதாக நினைத்தார்கள். குழுவில் சண்டை போட்ட இரண்டு கட்சியும் என்னைப் பற்றித்தான் சண்டை போட்டது. அவளைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"சிஸ்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமயா? அன்னைக்குச் சாயங்காலமே மறைக்கல்வி சிஸ்டருட்ட 'அந்தப் பிள்ளைய எனக்குத் தையலுக்கு வேணும்'னு சொல்லிட்டாங்களாம். எங்க அம்மாட்ட மட்டும் ஒருநாள் ரோட்டுல பாத்து, 'உங்க பொண்ணுக்குக் கை நல்லா ஓடுது'ன்னாங்க. அவ்வளவுதான்."

கையில் காசு இல்லாதவர்

அவளுக்கு நன்னெறி சிஸ்டர் ஒரு புனிதை. எனக்கு அப்படி ஒப்புக்கொள்ள முடியவில்லை. போனில் அவளோடு வாதாடாமல் விட்டுவிட்டேன், ஆனால் உள்ளுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு குழந்தையை வாராவாரம் கை தூக்கச் சொல்லி அவமானப்படுத்துகிறார்கள் என்று தெரிந்த பிறகு, செய்ய வேண்டியது அந்தக் கேள்வியை நிறுத்துவதா, அந்தக் குழந்தையை மட்டும் இடம் மாற்றி உட்காரவைப்பதா? மடத்தில் இரண்டு சிஸ்டரும் ஒரே மேஜையில்தானே சாப்பிட்டிருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தக் கேள்வி அடுத்த வருஷமும் வேறு யாரையாவது நிற்க வைத்திருக்கும். அந்தப் பிள்ளைக்குத் தையல் ரூமுக்கு வரும் தைரியம் இருந்ததோ என்னவோ.

இதற்கு நானே எதிர்வாதமும் செய்துகொள்கிறேன். சிஸ்டர்மாருக்குக் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு, அதாவது சத்தியம், உண்டு. மே மாதம் மாறுதல் தாள் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர். ஏழ்மை வார்த்தைப்பாடும் உண்டு. உதவி பெறும் பள்ளி ஆகையால் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, கையெழுத்துப் போடுவது அவர், பணம் போவது மடத்துக்கு. கைக்கே வராத சம்பளத்துக்கு வருமான வரி பிடிக்கலாமா என்று பல வருஷம் வழக்கு நடந்து, பிடிக்கலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்த முழங்கை ஒட்டுதான் ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டுமென்றாலும் மடத்துத் தலைவியான மதரிடம் கேட்க வேண்டிய மனுஷி. அவர் பேச்சு செல்லும் இடம் அந்தப் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான், கிணற்றடி தையல் ரூம். அதற்குள் யாரை உட்காரவைப்பது என்பது அவர் கையில் இருந்தது. அதைச் செய்தார். பேசியிருந்தால் அது 'விஷயம்' ஆகியிருக்கும், ஹெச்.எம். ரூமுக்கு அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார்கள், தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தாரா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. மறு வருஷம் மே மாதம் அவருக்கு மாறுதல் வந்தது. நாங்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு ஒரு குடை வாங்கிக் கொடுத்தோம். அதையும் மதரிடம்தான் கொடுத்திருப்பார்.

எதிர்வாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் கேள்வி போகவில்லை. சில நாள் சிஸ்டர்மேல் கோபம் வருகிறது. சில நாள் என்மேல். ஒரு வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தவள், "ஏன் ஏட்டி இங்க வந்தே?" என்று ஒரு நாள் கேட்கவில்லை. சிஸ்டர் கேட்காமல் இருந்ததற்கும் நான் கேட்காமல் இருந்ததற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அவர் தெரிந்து கேட்கவில்லை.

போன திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். 1998இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் பதினெட்டு பேர் ஒரு தோழி வீட்டு மொட்டைமாடியில் கூடினோம். குழுவை விட்டுப் போன இரண்டு பேரில் ஒருத்தி வந்திருந்தாள், மக்ரூன் டப்பாவோடு. ஃபார்வர்டு பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. என் பக்கத்து பெஞ்சுக்காரி இப்போது பங்குக்கோவிலில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா? பூசைக்கு வந்தீங்களான்னு கேக்குறியா?" என்றேன். "கேப்பேன். வராம எப்டி?" என்றாள், கொஞ்சம் முறைப்பாகவே. "வீட்டப் பத்திக் கேக்கமாட்டேன்."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். எட்டாம் வகுப்பு ரேங்க் கார்டு. மடிப்பில் கிழிந்து, செலோடேப் மஞ்சளாகிப் போயிருந்தது. தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று வரிசையாக வந்து, கடைசிக் கட்டத்தில் 'மறைக்கல்வி / நன்னெறி' என்று அச்சடித்திருக்கும். ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒன்றை அடித்துவிட்டு மார்க் போடுவார்கள். என் கார்டில் எல்லா வருஷமும் 'மறைக்கல்வி'மேல் கோடு. அவள் கார்டில் முழு ஆண்டுத் தேர்வுக்கு நேரே 72 என்று நன்னெறி சிஸ்டரின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. இரண்டு பெயரில் எதையும் அடிக்கவில்லை.

"அடிக்க மறந்திருப்பாங்க" என்றேன்.

"யாரு, சிஸ்டரா?" என்றாள். "காஜாவுல ஒரு பிசிறு தெரிஞ்சா பிரிச்சு மடியில வைக்கிற மனுஷி."